நடுக் கண்ணாடி ஏன் உடைந்தது

உங்களில் பாதிப் பேருக்கு என்னைக் கண்டால் ஆகாது என்று எனக்குத் தெரியும். ‘வேலையை விட்டுப் போன பிறகும் இந்த அம்மா எதற்கு மாதாமாதம் ஆபீசுக்கு வந்து, நாம் எழுதியதையெல்லாம் புரட்டிப் பார்த்து மூஞ்சியைச் சுளிக்கிறது’ என்று காபி மிஷின் பக்கம் நின்று பேசிக்கொள்கிறீர்கள். எனக்குக் காது இன்னும் நன்றாகத்தான் கேட்கிறது. பேசிக்கொள்ளுங்கள், கோபமில்லை. உங்கள் வயதில் நானும் மேலே இருந்தவர்களைப் பற்றி இதைவிட மோசமாகப் பேசியிருக்கிறேன்.

இந்த முறை சுளித்ததற்குக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சோதித்துவிட்டு வந்த வீடுகளின் அறிக்கைகளை வரிசையாகப் படித்தேன். மொட்டை மாடியில் தள ஓடு பெயர்ந்த வீடு, குளியலறைக் குழாய் ஒழுகும் வீடு, சுவிட்ச் போர்டில் எர்த்து வயரே இல்லாத வீடு, எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரே வரி: ‘மேற்கொண்டு நிபுணரின் ஆய்வு பரிந்துரைக்கப்படுகிறது.’ அடப் பாவிகளா, அந்த நிபுணர் நீங்கள்தானே! வீட்டைப் பார்த்து நல்லதா கெட்டதா என்று சொல்லத்தானே உங்களைக் கூப்பிட்டார்கள்?

சொற்கள் மேல் எனக்குப் பகை இல்லை. பிளின்த், லின்டல், சன்ஷேட், பாரபெட் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் தெரியாமல் இந்தத் தொழிலில் ஒரு நாள் ஓட்ட முடியாது. ஆனால் பெயருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிற பழக்கம் வேறு. எனக்கு அதிகாரியாக இருந்தவர் ஒரு முன்கோபி. அறிக்கையை நீட்டினால் படிக்கவே மாட்டார். “அந்த வீட்டு ஆளுக இன்னைக்கு எங்க படுக்கணும்? அதச் சொல்லு மொதல்ல” என்பார். சொல்லத் தெரியாவிட்டால் அறிக்கை திரும்பி வரும். சில நாள் பறந்தே வரும். அவர் கேட்ட அந்தக் கேள்விக்கு நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பதில் சொன்னது வில்லாபுரத்தில் ஒரு வீட்டில். அதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

முத்துராணி என்று ஒருவர், மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றின் அலுவலகத்தில் கிளார்க். கணவர் தங்கராசு, ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். அவர்களுக்கு ஒரே மகள், கயல்விழி. திருமங்கலத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கல்யாணப் பேச்சு நடக்கும்போதே, நாளைக்குப் பிள்ளை பெற வந்தால் காற்றோட்டமாக இருக்கட்டும் என்று பழைய வீட்டின் பின்பக்கம் ஒரு புது அறையைச் சேர்த்துக் கட்டிவிட்டார் தங்கராசு. அதற்குப் பிறகுதான் வெடிப்பு வந்தது. புது அறையின் சுவர் பழைய சுவரோடு சேர்கிற இடத்தில், சன்னலுக்குப் பக்கத்தில், தரையிலிருந்து கிட்டத்தட்டக் கூரை வரை நேர்கோடாக ஒரு வெடிப்பு.

மகள் முதல் பிள்ளை உண்டானதும் முத்துராணிக்குக் கவலை வந்து, யாரோ ஒருவரைக் கூப்பிட்டு வீட்டைக் காட்டியிருக்கிறார். வந்தவர் சுவரைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய், வாட்ஸாப்பில் ஆங்கிலத்தில் அறிக்கை அனுப்பிவிட்டார். ‘ஸ்ட்ரக்சுரல் கிராக்’, ‘டிஃபரன்ஷியல் செட்டில்மென்ட்’, கடைசியில் உங்களுக்கு மிகவும் பிடித்த அந்த வரி. பொருள் புரியாமல் முத்துராணி அதை மாப்பிள்ளைக்கு அனுப்ப, மாப்பிள்ளை தன் அம்மாவிடம் படித்துக் காட்ட, வெறும் வாயை மென்றவருக்கு அவல் கிடைத்துவிட்டது. “வெடிச்ச வீட்டுக்குள்ள எங்க பிள்ளைய அனுப்ப முடியாது. பிரசவம் இங்கனயே நடக்கட்டும்” என்று சொல்லிவிட்டார் சம்பந்தி அம்மா.

அந்த நிலையில்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் போய்ச் செருப்பைக் கழற்றுவதற்குள் முத்துராணிக்குக் கண் கலங்கிவிட்டது.

“எனக்கு எங்கம்மா இல்ல மேடம். கயலப் பெத்துட்டு ஆஸ்பத்திரியில இருந்து வந்தப்ப, வெந்நி வச்சுக் குடுக்க ஒரு ஆளில்ல. நானே எந்திரிச்சு அடுப்பப் பத்த வச்சேன். எம்பிள்ளைக்கு நான் இருக்கேன்ல? இருந்தும் தலைப்பிரசவத்துக்கு அங்க கெடக்கணுமா?”

தங்கராசு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முறுக்கு மீசை, கறுப்புச் சட்டை, எதற்கும் அசராத குரல். “அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம். இவ சும்மா கெடந்து பதறுறா. பக்கத்து வீட்டுக்காரன் சொல்றான், வீட்டுல வாஸ்து சரியில்ல, பரிகாரம் பண்ணுங்கனு. சுவத்துக்கு என்னய்யா தெரியும் வடக்கும் கெழக்கும்?”

“அவரு அப்படித்தேன் மேடம்” என்றார் முத்துராணி. “வாசல்ல திருஷ்டிக்கு எலுமிச்சம்பழமும் மொளகாயும் கட்டிவிட்டேன். அத அத்து, பழத்தப் பிழிஞ்சு ஜூஸ் போட்டுக் குடிச்சிட்டாரு.”

“வைட்டமின் சி” என்றார் தங்கராசு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டை அப்போதே பிடித்துப்போயிற்று என்றுகூடச் சொல்லலாம். பிடித்துப்போன வீட்டில்தான் இன்னும் எச்சரிக்கையாகப் பார்க்க வேண்டும் என்பதையும் இந்த இடத்தில் சொல்லி வைக்கிறேன்.

சுவரைப் பார்த்தேன். வெடிப்பின் உள்ளே டார்ச் அடித்தால் பழைய பெயின்ட் தெரிந்தது, சிலந்திக் கூடு இருந்தது. அப்படியென்றால் அது நேற்றைக்கு வந்த வெடிப்பு இல்லை. சன்னல் மூலைகளில் சாய்வாகக் கிளம்பிய கீறல் ஒன்றுகூட இல்லை. கதவு ஒரு விரலால் தள்ளினால் மூடியது. தரையில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்தில் நின்றது. அந்த அறிக்கையில் எழுதியிருந்த ஆங்கிலச் சொல் தப்பில்லை, பாருங்கள். பழைய வீடு மண்ணில் ஏற்கெனவே இறங்கி உட்கார்ந்துவிட்டது. புது அறை பிறகு தன் பங்குக்குக் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. இரண்டும் சேர்கிற தையல் பிரிந்திருக்கிறது. சொல் சரிதான். ஆனால் அது இறங்கி முடித்துவிட்டதா, இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறதா என்று அந்தச் சொல் சொல்லாது. முத்துராணிக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

“புதுசா மெத்தை வாங்குனா மொதல்ல கொஞ்சம் அமுங்கும்ல, அதுக்கப்புறம் அமுங்காதுல்ல, அது மாதிரி” என்றேன். “இது அமுங்கி முடிஞ்சிருச்சுனுதான் நெனைக்கிறேன். ஆனா இந்தப் பக்கம் கரிசல் கலந்த மண்ணு. மழை பெஞ்சா ஊதும், காஞ்சா சுருங்கும். ஒரு மழைக்காலம் பாத்துட்டுச் சொல்றேன்.”

வெடிப்பின் குறுக்கே மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்றாக மூன்று மெல்லிய கண்ணாடித் துண்டுகளை வைத்து, இரண்டு பக்கமும் சிமெண்டால் ஒட்டினேன். சுவர் நகர்ந்தால் கண்ணாடி தாங்காது, உடைந்துவிடும். ஒவ்வொரு கண்ணாடிக்கும் பக்கத்தில், வெடிப்புக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகச் சின்ன ஸ்க்ரூக்களையும் பதித்து, இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை வெர்னியர் அளவுகோலால் அளந்து சுவரிலேயே பென்சிலால் எழுதினேன். ஸ்க்ரூ எனக்கு. கண்ணாடி வீட்டுக்காரர்களுக்கு. எண்ணைப் பார்த்துப் பொருள் சொல்ல எல்லாருக்கும் வராது. உடைந்ததா இல்லையா என்பது யாருக்கும் புரியும்.

அதுதான் வினையாயிற்று. திருமங்கலத்துக்குச் செய்தி போனதும், “சரி, தை மாசம் வரைக்கும் கண்ணாடி உடையலேனா, வளைகாப்பு முடிச்சுக் கூட்டிட்டுப் போங்க” என்று சம்பந்தி அம்மா சொல்லிவிட்டார். அதிலிருந்து அந்தக் கண்ணாடிகளுக்கு வந்த மரியாதையைப் பார்க்க வேண்டுமே! மாப்பிள்ளை வீடியோ காலில் கண்ணாடியைக் காட்டச் சொல்லிப் பார்ப்பார். கயல்விழி தினமும் அம்மாவுக்குப் போன் போட்டு, பிள்ளை உதைத்ததைச் சொல்லிவிட்டு அதே மூச்சில், “கண்ணாடி நல்லாருக்காம்மா?” என்று கேட்பாளாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவே குளமாகக் கிடந்தது. நான் இடையிடையே போய் அளந்தேன். ஒரு மயிரிழை மாற்றமில்லை. தை பிறந்ததும் வளைகாப்புக்கு நாள் குறித்தார்கள்.

வளைகாப்பு அன்று காலையில் நான் கே.கே. நகரில் என் வீட்டில் இட்லிக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. முத்துராணி. அழுகையில் பாதிச் சொல்தான் கேட்டது.

“மேடம்... நடுக் கண்ணாடி ஒடஞ்சு போச்சு மேடம்.”

சட்னியாவது ஒன்றாவது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வழியெல்லாம் எனக்கு என்ன ஓடிற்று என்று உங்களிடம் சொல்லாவிட்டால் இந்தக் கதையைச் சொல்லிப் பயனில்லை. அதற்குச் சில மாதம் முன்னால் செல்லூரில் ஒரு தறி வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே சன்னல் மூலையிலிருந்து சாய்வாக வெடித்திருந்தது, வெடிப்பின் ஓரம் புதிதாய்க் கூர்மையாக இருந்தது, கதவு நிலையில் இடித்தது. சாப்பாட்டுத் தட்டில் கை வைத்திருந்தவர்களைக்கூட எழுப்பி வெளியே போகச் சொன்னேன். தறியை நிறுத்த வைத்தேன் என்று அந்தச் சந்தில் என்னைத் திட்டாத ஆள் இல்லை. அங்கே எனக்குக் கொஞ்சமும் தயக்கம் வரவில்லை. ஆபத்து என்று சொல்வது சுலபம், பிள்ளைகளா. தப்பாகப் போனாலும் நம் தலை தப்பும். ‘ஒன்றுமில்லை, பிள்ளையைக் கூட்டிவந்து படுக்க வையுங்கள்’ என்று சொல்வதற்குத்தான் நெஞ்சு வேண்டும். வில்லாபுரம் போகிற வழியில், ‘பேசாமல் இந்த முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன’ என்று என் மனம் கேட்டது. ஒரு வார்த்தை. யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். முத்துராணி மட்டும் ஆயுசுக்கும் ஏங்குவார்.

வீட்டு வாசலில் வேன் நின்றது. உள்ளே சொந்தக்காரப் பெண்கள் மடியில் தட்டுகளோடு உட்கார்ந்திருந்தார்கள். வளையல், பூ, பழம், தூக்குவாளிகளில் புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும். வாசனை தெருவுக்கே அடித்தது. ஒருவர் முகத்திலும் களையில்லை. முத்துராணி பட்டுச் சேலையில் வாசற்படியிலேயே நின்றிருந்தார்.

“நல்ல நேரம் முடியுறதுக்குள்ள கெளம்பணும் மேடம். நான் எம்பிள்ளையக் கூட்டிட்டு வாரதா, வளையலை மட்டும் மாட்டிவிட்டுட்டு வெறுங்கையோட வாரதா? ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“நீங்க போங்க. வளைகாப்பு முடியறதுக்குள்ள நானே போன் பண்றேன்.”

“கண்ணாடி ஒடஞ்சத அவங்ககிட்டச் சொல்லவா?”

“சொல்லுங்க. ஒளிச்சு வச்சு ஒண்ணும் செய்ய வேணாம். நான் பாத்துக்கிட்டு இருக்கேன்னும் சேத்துச் சொல்லுங்க.”

வேன் திருமங்கலத்துக்குக் கிளம்பியது. தங்கராசு ஏறவில்லை. “வீட்டுல ஒரு ஆளு வேணும்ல” என்றார். மகளின் வளைகாப்புக்குப் போகாத அப்பாவா என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. என் கவலை எனக்கு.

அறைக்குள் போனேன். நடுக் கண்ணாடி தரையில் இரண்டு துண்டாகக் கிடந்தது. மேல் கண்ணாடியும் கீழ்க் கண்ணாடியும் அப்படியே இருந்தன. தங்கராசு வாசலிலேயே நின்றுகொண்டார். மீசை இருந்ததே தவிர முறுக்கு இல்லை.

“மேடம், வீடு அசையல மேடம்” என்றார்.

“எப்படிண்ணே தெரியும்?”

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

குனிந்து பார்த்தேன். சுவர் இழுத்து உடைந்திருந்தால், இரண்டு பக்கச் சிமெண்டும் கண்ணாடியைக் கவ்விக்கொண்டிருக்க, வெடிப்பின் கோட்டுக்கு நேராகக் கண்ணாடி முறிந்திருக்க வேண்டும். இங்கே இடப்பக்கச் சிமெண்டு கண்ணாடியின் நுனியைக் கவ்விக்கொண்டு சுவரிலேயே இருந்தது. வலப்பக்கச் சிமெண்டு, அடியில் இருந்த பெயின்ட் பட்டையோடு சேர்ந்து பெயர்ந்து வந்திருந்தது. தவிர, சுவர் விலகினால் மேலேதான் அதிகமாக விலகும். மேல் கண்ணாடி சிரித்துக்கொண்டு இருக்க, நடுக் கண்ணாடி மட்டும் ஏன் போக வேண்டும்?

வலப்பக்கம் சன்னல். சன்னல் கட்டையின் மேல் செங்கல் பொடி கொஞ்சம் சிந்திக் கிடந்தது. முத்துராணி பெருக்கித் துடைக்கிற வீட்டில் சன்னல் கட்டையில் பொடி நிற்காது. சன்னல் திரையை விலக்கினேன்.

திரைக்குப் பின்னால், சுவரில், பளபளவென்று ஒரு புது ஆணி. அதில் கறுப்புக் கயிற்றில் கட்டி, ஒரு படிகாரக் கல் தொங்கிக்கொண்டிருந்தது. கண் திருஷ்டிக்குக் கட்டுகிற அதே படிகாரம்.

திரும்பிப் பார்த்தேன். தங்கராசு தலையைக் குனிந்துகொண்டார்.

“நேத்து ராணி பூ வாங்க மார்க்கெட்டுக்குப் போனப்ப அடிச்சேன் மேடம். அப்ப கண்ணாடி நல்லாத்தேன் இருந்துச்சு. காலையில பாத்தா கீழ கெடக்கு. ஆணியாலயா, இல்ல நெசமாவே சுவரு போகுதானு எனக்கே தெரியல. அதுதேன் வேன்ல ஏறல.”

“நீங்களாண்ணே? வைட்டமின் சி நீங்களா?”

“பயம் மேடம்.” அந்தக் குரல் உடைந்துவிட்டது. “ஒத்தப் பிள்ள. நாள் நெருங்க நெருங்க எனக்குத் தூக்கமில்ல. பிள்ள இங்க வந்து படுத்திருக்கையில ஏதாச்சும் ஆயிட்டா? யாரு கண்ணும் படாம இருக்கட்டும்னு... யார்கிட்டயும் சொல்ல முடியல. ஆயுசு பூரா இதெல்லாம் பொய்யினு பேசிட்டு, இப்பப் போய்...”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அந்தப் பெரிய மனிதர், கள்ளத்தனமாய்ச் சுத்தியலைத் துணியில் சுற்றிச் சத்தமில்லாமல் ஆணி அடிப்பதை நினைத்துப் பாருங்கள். அவர் அடித்த அடியில் சிமெண்டின் பிடி தளர்ந்து, கண்ணாடி சாவகாசமாக ஒரு நேரம் பார்த்துக் கழன்று விழுந்திருக்கிறது.

இப்போது நன்றாகக் கேளுங்கள், இதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். ஆணியைப் பார்த்ததும் ‘அப்பாடா’ என்று எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. போனை எடுக்கக் கைகூடப் போயிற்று. எடுக்கவில்லை. கண்ணாடி ஏன் உடைந்தது என்று தெரிந்துவிட்டது. சுவர் நகர்ந்ததா இல்லையா என்று இன்னும் தெரியாது. இரண்டும் வேறு வேறு கேள்வி. ஆணியும் அடித்திருக்கலாம், அதே நாளில் சுவரும் நகர்ந்திருக்கலாம். நமக்கு ஆசையான பதில் கையில் வந்து விழும்போது அதை உடனே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது.

வெர்னியரை எடுத்தேன். மேல் ஸ்க்ரூக்களுக்கு ஸ்டூல் மேல் ஏறி அளந்தேன். பென்சிலால் எழுதிய அதே எண். கீழே அளந்தேன். அதே எண். நடுவில் அளக்கும்போது அவசரத்தில் வெர்னியர் சரிந்து, எண் தப்பாக வந்தது. தங்கராசுவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி அளந்தேன், மறுபடியும் அளந்தேன். அதே எண்தான். கதவைத் தள்ளினேன், மூடியது. வெளியே போய்ச் சுவரின் மறுபக்கத்தையும், சுவரை ஒட்டிய மழைநீர்க் குழாயையும், பழைய வீட்டின் சன்னல் மூலைகளையும் ஒன்று விடாமல் பார்த்தேன். புதிதாக ஒரு கீறல் இல்லை.

திரும்பி வந்து அந்த அறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். “அப்பாடா” என்றேன். இப்போதுதான் சொன்னேன்.

“நல்லதா மேடம்?” என்றார் தங்கராசு.

“நல்லதுண்ணே. கூட்டிட்டு வரச் சொல்லுங்க.”

அவரும் எதிரில் தரையில் உட்கார்ந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கொஞ்ச நேரம் விட்டேன். அப்புறம் முத்துராணிக்குப் போன் போட்டேன். அங்கேயும் இங்கேயும் போன் ஸ்பீக்கரில் இருந்தது. ஒரே பெண்கள் சத்தம், வளையல் சத்தம். நான் பேசத் தொடங்கியதும் எல்லாம் அடங்கியது.

“சுவர் அசையல. அளந்து பாத்துட்டேன். கயல அழைச்சிட்டு வாங்க” என்றேன்.

யாரோ போனை வாங்கினார்கள். “நான் மாப்பிள்ளையோட அம்மா பேசுறேன். கோச்சுக்கிறாதீங்க. உங்க மகளா இருந்தா விடுவீகளா?”

கோபிக்க என்ன இருக்கிறது? சரியான கேள்வி. என் அதிகாரி கேட்ட கேள்வியைத்தான் அவர் வேறு மாதிரி கேட்டார்.

“எம்மகளா இருந்தா, கட்டிலை இந்தச் சுவத்தோரமாவே போட்டிருப்பேன்” என்றேன். “இங்கதான் காத்து நல்லா வருது.”

அந்த அம்மா விடவில்லை. “அப்புறம் எதுக்குக் கண்ணாடி ஒடஞ்சுச்சாம்?”

“பக்கத்துல ஆணி அடிச்ச அதிர்ச்சிதான்.”

“ஆணியா? யாரு அடிச்சா?” அது முத்துராணியின் குரல். “நான் அடிக்கலையே! யாருமே அந்தச் சுவத்துப் பக்கம் போகலையே! மேடம், எங்களச் சமாதானப்படுத்த ஏதும் சொல்றீகளா?”

நான் என்ன சொல்வது? இவரைக் காட்டிக் கொடுப்பதா? காட்டிக் கொடுக்காவிட்டால் அங்கே நம்ப மாட்டார்கள். சந்தேகத்தோடு அந்தப் பிள்ளை வேனில் ஏறாது, அல்லது சம்பந்தி ஏற்ற மாட்டார். நான் தங்கராசுவைப் பார்த்தேன். அவர் என் கையிலிருந்த போனைப் பார்த்தார். கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

“நாந்தேன் ராணி.”

“என்னது?”

“நாந்தேன் அடிச்சேன். ஆணி.” கண்ணை இறுக மூடிக்கொண்டார். “படிகாரம் கட்டுனேன். திருஷ்டிக்கு.”

அந்த வீடே சிரித்தது பாருங்கள்! போன் அதிர்ந்தது. “அடியாத்தி!” என்று யாரோ கத்தினார்கள். சிரிப்புக்கு நடுவில் ஒரு மெல்லிய குரல் மட்டும், “அப்பா... எனக்காகவாப்பா?” என்று கேட்டது.

“பின்ன யாருக்காக?” என்றார் தங்கராசு.

சம்பந்தி அம்மாவின் குரல் வந்தது. சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது. “அண்ணே, உங்க மகள நாங்களே கொண்டாந்து விடுறோம். நீங்க இனிமே சுத்தியலத் தொடாதீக.”

சாயங்காலம் வரை நான் அங்கேயே இருந்தேன். புதுக் கண்ணாடி ஒட்டினேன். உடைந்த துண்டுகளைத் தங்கராசு பொறுக்கி எடுத்துவிட்டு, ஒரு பொடி மிச்சமில்லாமல் தரையைக் கையால் தடவித் தடவிப் பார்த்தார், மகள் கால் வைக்கிற இடம் என்று. வேன் வந்து நின்றதும் முத்துராணி ஆரத்தித் தட்டை எடுக்கப் போகிற போக்கில் புருஷனைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தார். ‘ஜூஸ் போட்டுக் குடிக்கிறீகளா?’ என்பது போல.

கயல்விழி கை நிறைய வளையலோடு உள்ளே வந்து, அந்தச் சுவரோரக் கட்டிலில் உட்கார்ந்து, “காத்து நல்லா வருதும்மா” என்றாள். எனக்கு அன்று மத்தியானச் சாப்பாடே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு தூக்குவாளிப் புளிச்சோற்றை ஒற்றை ஆளாகத் தின்றேன்.

இந்த வேலையில் எனக்கு நிறையப் பேர் நன்றி சொல்லியிருக்கிறார்கள், நிறையப் பேர் திட்டியும் இருக்கிறார்கள். இரண்டையும் மறந்துவிட்டேன். அந்த வீட்டுக்குத் தொட்டில் போடக் கூப்பிட்ட அன்று நடந்ததை மட்டும் மறக்கவில்லை. பேத்தி பிறந்திருந்தாள். அறையில் நிற்க இடமில்லை. சம்பந்தி அம்மா, வெடிப்புக்குப் பக்கத்திலேயே சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே நடுக் கண்ணாடி முழுசாக மின்னியது.

“ஏம்மா, அந்தக் கொக்கி தொட்டிலத் தாங்குமா?” என்று கூரையைக் காட்டினார். காங்கிரீட் போடும்போதே ஊஞ்சலுக்கென்று விட்ட கொக்கி அது. கேட்டதும் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

நான் ஸ்டூலில் ஏறிக் கொக்கியின் அடியைத் தட்டிப் பார்த்தேன். துரு இல்லை, விரிசல் இல்லை. பிறகு இரண்டு கையாலும் அதைப் பிடித்து, காலை மடக்கித் தொங்கினேன். என் உடம்பின் எடை உங்களுக்குத் தெரியும், சிரிக்காதீர்கள்.

“தாங்கும்” என்றேன்.

முத்துராணி தன் பழைய சேலையைக் கொக்கியில் போட்டுத் தொட்டில் கட்டினார். கயல்விழி பிள்ளையை அதில் கிடத்தினாள். தங்கராசு எல்லாரையும் விலக்கிக்கொண்டு வந்தார். சட்டைப் பையிலிருந்து கறுப்புக் கயிற்றோடு அந்தப் படிகாரத்தை எடுத்து, மனைவியும் சம்பந்தியும் பார்க்கப் பார்க்க, தொட்டில் சேலையின் மேல்முனையில் நிதானமாகக் கட்டினார். கட்டி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ஆணி இல்ல மேடம். வெறும் முடிச்சுதேன்.”